அந்த 1939 ரூபாயை இப்போது வாங்க வேண்டாம்

கேள்வி: ஐயா, பத்து ஆண்டுகளுக்கு மேலாக நாணயம் சேர்த்து வருகிறேன். ஏறத்தாழ அறுநூறு இருக்கும். பெரும்பாலும் சுதந்திர இந்தியாவின் காசுகள்; நான்கு நாணயச்சாலை அடையாளங்களோடும் ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கிறேன். இவை தவிர, கிழக்கிந்தியக் கம்பெனிச் செம்புக் காசுகள் கொஞ்சம், ராஜராஜன் காசு இரண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாத்தா விட்டுப்போன சுருக்குப்பையில் இலங்கைச் சில்லறையும் உண்டு. போன மாதம் ஒரு கண்காட்சியில் நண்பர் ஒருவர், "உங்க கலெக்‌ஷன்ல ஸ்டார் காயின் எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு டீலர் 1939 வெள்ளி ரூபாய் ஒன்றைக் காட்டி, "இது ஒண்ணு வந்தா போதும், உங்க ஆல்பமே வேற லெவல்" என்கிறார். வாங்கலாமா? ஒரு நாணயம் தனித்துத் தெரிவதற்கு விலை காரணமா, பழமையா, அபூர்வமா? இன்னொன்று: என்னிடம் உள்ள 1808 இருபது காசு நாணயம் ஒன்று எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தும் மேலே பொடிப்பொடியாக அரித்திருக்கிறது. போலி என்று எடுத்துவிடலாமா?
மயிலாடுதுறை வாசகர்

பதில்: வணக்கம். அவசரப்படுகிறவர் டீலர்தான், ஆகவே அவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

1939 ரூபாய் அபூர்வம் என்று அவர் சொல்வது உண்மை. ஆறாம் ஜார்ஜின் தலை போட்டு, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியில், பம்பாயில் அடித்தது. அந்த ஆண்டில் உலகப் போர் தொடங்கியது. அடுத்த ஆண்டே ரூபாயில் வெள்ளி பாதியாகிவிட்டது. பழைய தரத்து வெள்ளி ரூபாய்களில் கடைசி என்பதால் அது எல்லோருக்கும் வேண்டும், கிடைப்பதோ மிகவும் கம்மி. விலை ஏற இது போதும். போலி பெருகவும் இதே போதும்.

போலிகளில் கெட்டிக்காரத்தனமானது 1938 ரூபாயில் செய்வது. கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிவிடுவார்கள். நாணயம் அசல், எடை சரி, வெள்ளி சரி, தட்டினால் சத்தமும் சரி. ஓர் இலக்கம் மட்டும் பொய். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்து ஒன்பதைச் சுற்றியிருக்கும் தளத்தையும் பக்கத்து மூன்றைச் சுற்றியிருக்கும் தளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்பதைச் சுற்றி மட்டும் மெல்லிய கீறலோ, லேசான பள்ளமோ, பளபளப்பில் மாற்றமோ தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னொரு வகை வார்ப்பு. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: எடை பெரும்பாலும் 11.66 கிராமோடு ஒத்துவராது, தளத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள் இருக்கும், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும்.

சரி, அசல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இப்போது வேண்டாம் என்பேன். உங்கள் கடிதத்தில் வேறு ஒரு பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய்கூட இல்லை. 1862 விக்டோரியாவில் தொடங்கி, பட்டம் மகாராணியிலிருந்து பேரரசியாக மாறியது, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று வரிசையாகச் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு குழி காலியாக வைத்திருப்பவருக்கு 1939 நட்சத்திரம்தான். உங்கள் ஆல்பத்தில் அது, கல்யாண வீட்டில் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாத ஒரு பெரிய மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். எல்லோரும் பார்ப்பார்கள், யார் என்று சொல்ல ஆளிருக்காது.

ஒரு நாணயம் தனித்துத் தெரிவதில் பாதி, அதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் மேசைக்கு மதிப்பீட்டுக்கு வரும் சேகரிப்புகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

நீங்கள் கேட்ட மூன்றையும் பார்ப்போம். பழமைக்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரியில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற எழுத்தும் கொண்ட அந்தச் செம்புக் காசுக்கு ஆயிரம் வயது. ஆனாலும் சாதாரண நிலையில் உள்ளதைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். சோழ நாட்டில் மட்டுமல்ல, இலங்கையிலும் அது ஏராளமாகப் புழங்கியது. அங்கே ஆண்ட அரசர்கள் அதே அமைப்பைப் பார்த்துத் தங்கள் காசையும் அடித்தார்கள். ஆக, பழமை வேறு, அபூர்வம் வேறு.

அபூர்வம் மட்டும் இருந்து தேடுகிற ஆள் இல்லாவிட்டாலும் பயனில்லை. ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று பார்த்துப் பார்த்து நீங்கள் அடுக்கியிருக்கிறீர்கள். அதில் கிடைக்காத ஆண்டு ஒன்று உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அந்தப் புள்ளியைக் கவனிக்காதவருக்கு அது வெறும் சில்லறை. வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சங்கள் தருகிறார்கள் என்று சுற்றும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாக நடக்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதற்கு மேல் இந்த விஷயத்துக்கு இடம் ஒதுக்க எனக்கு மனமில்லை.

விலையை விட்டுவிடுகிறேன். அது சந்தை சொல்வது.

ஒரு சேகரிப்பைத் திறந்ததும் முதலில் நான் பார்ப்பது நாணயத்தின் மேல்தளம். நம் வீடுகளில் செம்பு, பித்தளை என்றாலே கை தானாகப் புளிக்குப் போகும். குத்துவிளக்குக்கு அது சரி. நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு காற்றும் கையும் பட்டு உருவான பழுப்பு மேல்படலத்தைப் புளியின் அமிலம் ஐந்து நிமிடத்தில் கரைத்துவிடும். அடியிலிருந்து இளஞ்சிவப்பாகச் செம்பு வெளியே வரும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்து அது திட்டுத்திட்டாகக் கறுக்கும்போது ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளிக்கு விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே திசையில் ஆயிரம் முடிக்கீறல்கள் தெரியும். நன்றாகத் தேய்ந்திருந்தாலும் யாரும் கைவைக்காத ஒரு காசை, பளபளவென்று துலக்கிய காசுக்கு மேலே வைப்பேன். தேய்மானம் அது வேலை செய்ததற்கு அடையாளம். துலக்கியதன் அடையாளத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்காகக் குறை எல்லாமே குறையாகிவிடாது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுப் புதையலில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. செலாவணியிலிருந்து விலக்குவதற்காக அப்படி வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்தத் தழும்புதான் அவற்றுக்கு இந்த மண்ணோடு இருக்கும் தொடர்பைச் சொல்கிறது. வெட்டு இல்லாத ரோமானியத் தங்கக் காசு எந்த நாட்டு ஏலத்திலும் கிடைக்கும்.

இப்போது உங்கள் 1808 இருபது காசுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். தயவுசெய்து எடுத்து எறிந்துவிடாதீர்கள்.

மதராஸ் மாகாணத்துக்காகக் கம்பெனி இந்தச் செம்புக் காசுகளை இங்கிலாந்தில், பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்து வரவழைத்தது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே இருபது காசு என்று ரோமன் இலக்கத்தில். 1803 தேதியிட்டது முதலில் வந்தது, பிறகு 1808. இந்த 1808 காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு மதராஸுக்குப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்று அட்மிரல் கார்ட்னர். 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கரையை விட்டுச் சரியாக விலகுவதற்கு முன்பே, கென்ட் கடலோரத்தில் உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. காசுகள் அப்படியே மணலுக்குள் கிடந்தன. 1980களில் முக்குளிப்பவர்கள் அவற்றை வெளியே எடுத்தார்கள், லட்சக்கணக்கில் வந்தன. இன்று உலகம் முழுக்க விற்கிற 1808 பத்து காசு, இருபது காசுகளில் பெரும்பகுதி அந்தக் கப்பலுடையது.

எழுத்து கூர்மையாக இருந்தும் மேலே அரித்திருக்கிறது என்று நீங்கள் சொல்வது இதனோடு அப்படியே பொருந்துகிறது. கையில் புழங்கியே இருக்காததால் தேய்மானம் இல்லை. உப்புத் தண்ணீரில் கிடந்ததால் தளம் அரித்துப்போனது. புழங்கிய காசு இதற்கு நேர் எதிராக இருக்கும்: மேடான இடங்கள் வழவழவென்று மழுங்கி, சிங்கங்களின் உடம்பு வெறும் நிழலாகி, தளம் மட்டும் ஒரே சீராகப் பழுப்பேறி. எடை ஏறத்தாழ 9.3 கிராம் இருக்க வேண்டும். அரிப்பினால் சற்றுக் குறையலாம், கூட வாய்ப்பில்லை. படம் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன் என்றாலும், போலி என்று சந்தேகிக்க நீங்கள் எழுதியதில் ஒன்றுமில்லை. போலி அடிக்கிறவன் பெரும்பாலும் விலை உயர்ந்ததைத்தான் அடிப்பான். இது சல்லிசாகக் கிடைக்கிற காசு.

இங்கேதான் பக்கத்தில் எது இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. உங்கள் கம்பெனிக் காசுகளில் நன்றாகத் தேய்ந்த 1803 இருபது காசு ஒன்று அநேகமாக இருக்கும். இல்லாவிட்டால் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்கும், தேய்ந்தது என்பதால் பேரம் பேசியும் வாங்கலாம். அதையும் இந்த 1808ஐயும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்று மதராஸுக்கு வந்து சேர்ந்து, உப்பும் எண்ணெயும் வாங்கக் கைமாறிக் கைமாறி முகம் அழிந்தது. இன்னொன்று வந்தே சேராததால் முகம் அழியாமல் இருக்கிறது. தனித்தனியாக விற்றால் இரண்டும் சாதாரணக் காசுகள். சேர்த்து வைத்தால், அடுத்த கண்காட்சியில் அந்த நண்பர் கேட்கும்போது நீங்கள் பத்து நிமிஷம் பேசலாம். 1939 ரூபாய் வைத்திருப்பவர் விலையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்.

தாத்தாவின் சுருக்குப்பை இன்னும் ஒரு படி மேல். இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அந்தக் காசுகளைப் பிரித்து ஆல்பத்தின் வெவ்வேறு பக்கங்களில் ஆண்டுவாரியாகப் போட்டிருந்தால், திரும்ப எடுத்து ஒன்றாக வையுங்கள். பையோடு. பெரும்பாலும் தாளிப்பனை மரமும் தமிழ், சிங்கள எழுத்துகளும் உள்ள செம்புச் சதங்களும், மூலை மழுங்கிய சதுர ஐந்து சதங்களுமாக இருக்கும். சந்தையில் இவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. 1870 என்று தேதி போட்ட விக்டோரியாக் காசு நல்ல நிலையில் இருந்தால் மட்டும் தனியாக எனக்கு எழுதுங்கள். ஆனால் இன்ன ஆள், இன்ன தோட்டத்தில், இன்ன ஆண்டுகளில் சம்பளமாகவோ மிச்சமாகவோ கையில் வைத்திருந்தவை என்று சொல்லக்கூடிய காசுகள் உங்கள் அறுநூறில் இவை மட்டும்தான். டீலர்கள் பெட்டியில் இருக்கும் இலங்கைச் சில்லறைக்கு அந்தப் பின்னணி கிடையாது, பின்னால் சேர்க்கவும் முடியாது.

ஆகவே அது அழிவதற்குள் எழுதி வையுங்கள். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், பக்கத்து ஊர், போன ஆண்டு, திரும்பிய ஆண்டு. 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில் போட் மெயில் ரயிலில் போனாரா, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் தங்கினாரா என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். பாஸ்போர்ட், கடிதம், தோட்டத்துச் சீட்டு எது கிடைத்தாலும் நகல் எடுத்துப் பையோடு வையுங்கள். "தாத்தா சொன்னதாக அத்தை சொன்னார்" என்றால் அப்படியே எழுதுங்கள்; உறுதியான தகவல் போல மாற்றி எழுத வேண்டாம். பின்னால் படிக்கிறவருக்கு எது ஆவணம், எது பேச்சு என்று தெரிய வேண்டும்.

அந்த ரூபாய்க்காக ஒதுக்கிய பணத்தை என்ன செய்யலாம் என்பீர்கள். நீங்கள் இருக்கும் ஊரைப் பாருங்கள். பக்கத்திலேயே தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டேனியர் கையில் இருந்தது. கிரீடம் வைத்த அரசர் பெயரெழுத்தோடு அவர்கள் வெளியிட்ட நான்கு காசு செம்பு நாணயங்கள் இன்னும் கைக்கெட்டும் விலைதான். தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் தமிழில் ஊர்ப்பெயர் போட்டே காசு அடித்தார்கள். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம் லில்லிப்பூவும் மறுபக்கம் தமிழில் ஊர்ப்பெயருமாக அடித்தார்கள். கம்பெனியின் மதராஸ் வெள்ளிக் காசுகளில் இரட்டைப் பணம் என்று ஒன்று உண்டு: ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கும் ஒரு சிறு காசில் அடங்கியிருக்கும். கால் வராகனில் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோயில் கோபுரமே இருக்கும். கால் வராகன் விலை கொஞ்சம் கூடுதல், பொறுமையாகத் தேடுங்கள். இவற்றில் நாலைந்து சேர்ந்தால் உங்கள் இருபது காசு நாணயம் தனியாக நிற்காது. சோழமண்டலக் கடற்கரை என்று ஒரு வரிசை உருவாகும், இலங்கைப் பை அதன் தொடர்ச்சியாகக் கடலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். என்னைக் கேட்டால் சுதந்திர இந்தியாவின் காசுகளைத் தனி ஆல்பமாக்கிவிடுவேன். அதில் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய் மட்டும் முன்பக்கத்தில் இருக்கட்டும். தமிழ்க் கையெழுத்து போட்ட அந்தக் காசில் சேகரிக்காத விருந்தாளிகள்கூட நின்றுவிடுவார்கள்.

வாங்கும்போது ரசீது கேளுங்கள். நூறாண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆற்று மணலில் எடுத்தது, பூம்புகார்க் கரையில் ஒதுங்கியது என்று சொல்லி விற்க வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 முதலே சட்டம் இருக்கிறது. விற்பவர் கதை பொய்யென்றால் காசும் பொய், மெய்யென்றால் உங்களுக்கு வம்பு.

அப்புறம் ஒரு அவசர வேலை. மலிவான பிளாஸ்டிக் உறை உள்ள ஆல்பம் என்றால் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிவிசி உறைகள் நாளாக நாளாகக் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு விடும். கடல் காற்று அடிக்கும் உங்கள் பகுதியில் அது இன்னும் சீக்கிரம். அட்டை ஹோல்டரும் மைலார் (பாலியெஸ்டர்) உறையும் போதும், பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை ஒன்று. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், வெள்ளி கறுத்துவிடும்.

1808 காசை மட்டும் தனிப் பெட்டியில் வையுங்கள். கடல் உப்பு செம்புக்குள் தங்கியிருந்தால் ஈரக்காற்றில் அரிப்பு மறுபடி கிளம்பும். வழக்கமான களிம்பு கெட்டியாக, அடர்ந்த நிறத்தில் ஒட்டியிருக்கும். அது ஒன்றும் செய்யாது. வெளிர்பச்சையாகத் தூள் போல ஓரிடத்தில் பூத்து, மென்மையான தூரிகையால் தட்டினால் உதிர்ந்து, சில வாரத்தில் அதே இடத்தில் திரும்பப் பூத்தால் அரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும், விளிம்பும், தராசில் எடையும் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.